லேயில் ரூம் போடப் போறீங்களா?

டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் லடாக்கின் லே வந்துவிடும். சுமார் 3,500 மீட்டர் உயரம். நீங்கள் வந்தாச்சு, உடம்பு வந்து சேர இரண்டு நாளாகும்! மூச்சில் கிடைக்கிற ஆக்ஸிஜன், மெரினாவில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

எனவே மலையேறப் போகிற ஆசாமி முதலில் பார்க்க வேண்டியது ரூம். 'பனிமலை தெரியும் சார்' என்று மூன்றாம் மாடியைக் காட்டினால் மயங்காதீர்கள். படியேறுவதற்குள் நாக்கு தள்ளிவிடும். தரைத்தளம், கனமான ரஜாய், வெந்நீர். (சோலாரா? ராத்திரியும் வருமா என்று கேளுங்கள்.) சாங்ஸ்பா பக்கம் குடும்பத்தார் நடத்தும் கெஸ்ட் ஹவுஸ்கள் உண்டு. சூடாக சூப் குடித்துவிட்டுப் படுங்கள். இரண்டு நாள் லீவு வீணாகிறதே என்று புரள வேண்டாம். பீர்? மூச்!

தலைவலியும் குமட்டலும் நிற்கவில்லையா? மேலே போகாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே ஆஸ்பத்திரி. ட்ரெக்கிங் பாதையில் என்றால் ராத்திரியானாலும் கீழே இறங்கிவிட வேண்டும்.