யாண்டர் என்றால் எவ்வளவு தூரம்?

ஏற்காட்டுக்காரர் ‘கீழே போயிட்டு வரேன்’ என்றால் சேலத்துக்குப் போகிறார் என்று பொருள். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கும் ஊருக்குப் பெயர் எதற்கு? தமிழில் கிழக்கும் மேற்குமே கீழ், மேல் என்பவற்றிலிருந்து வந்தவை என்பது மொழியறிஞர்கள் கருத்து. மேற்கே மலை, கிழக்கே கடல் என்று சரியும் நிலத்துக்கு அது பொருத்தம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அந்தக் கணக்கு செல்லாது. ‘கீழே’ இருக்கும் சேலம் இங்கிருந்து தெற்கே தள்ளி இருக்கிறது.

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று அந்தச் சேலத்தைக் கைநீட்டிக் காட்ட, பழைய ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது: யாண்டர். தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்து இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காக்பர்ன் காலத்து ஆங்கிலத்தில் அது புழங்கிய சொல்தான். இன்று பெரும்பாலும் கதைகளிலும் பாட்டுகளிலும்தான் மிச்சம்.

நம் ‘உங்கே’தான் யாண்டர் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் மூன்றாவது சுட்டு என்பது சரி. ஆனால் யாண்டர் ‘அங்கே’யையும் தாண்டி நிற்பது, தொல்காப்பியம் சொல்லும் உகரச் சுட்டோ இங்கேக்கும் அங்கேக்கும் நடுவில் நிற்பது. நாம் தொலைத்துவிட்ட அதை யாழ்ப்பாணத்தார் இன்னும் பேச்சில் வைத்திருக்கிறார்கள்.

யாண்டரைப் போல ஆங்கிலத்தில் வழக்கொழிந்த இடச்சொற்கள் இன்னும் உண்டு. ஹிதர், திதர், விதர் என்பவை போகும் திசைக்கு. ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ் என்பவை புறப்பட்ட இடத்துக்கு. ‘இங்கிருந்து’ என்று நாம் ஒட்டுப்போட்டுச் சொல்வதை ஆங்கிலேயர்கள் ஒற்றைச் சொல்லில் முடித்தார்கள். வென்ஸிலேயே ‘இருந்து’ அடங்கியிருப்பதால் ‘ஃபிரம் வென்ஸ்’ பிழை என்பார்கள் இலக்கணக்காரர்கள். ஆனால் 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், மலைகளை நோக்கிக் கண்ணை உயர்த்தும் 121ஆம் சங்கீதத்திலேயே அது இருக்கிறது. ‘வேர்ஃபோர்’ இன்னொரு பொறி. ஷேக்ஸ்பியரின் ஜூலியட் ரோமியோ எங்கே என்று தேடவில்லை. நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய் என்று கேட்கிறாள்.

பிழைத்தவையும் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டன. ஹென்ஸ் ‘ஆகையால்’ ஆயிற்று. ஆபீஸ் கடிதங்களில் வரும் ஹிதர்டூ ‘இதுவரை’ என்று காலத்தைச் சொல்கிறது.

நம்மிடமும் அப்படி ஒன்று உண்டு: இவண். ‘இங்கே’ என்பதுதான் பொருள். அவண், உவண், எவண் என்ற உறவெல்லாம் பழம்பாட்டோடு நின்றுவிட, இது மட்டும் திருவிழா நோட்டீசின் அடியில், ‘விழாக் குழுவினர்’ என்பதற்கு மேலே, தவறாமல் அச்சாகிறது. ‘இப்படிக்கு’ என்பதற்குக் கொஞ்சம் கம்பீரமான சொல் என்றே படிப்பவர் பலரும் நினைக்கிறார்கள்.