நம் நாடி யார் கையிலே?

சென்ற வாரம் ஓர் ஆலை வாயிலுக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையிலே அமர்ந்திருந்தோம். இரவு வேலை முடித்து வந்தார் ஒரு தோழர். வயது முப்பதைத் தாண்டாது. தேநீரை வாயிலே வைக்குமுன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மணி என்ன, தோழரே?" என்றோம்.

சிரித்தார். "மணி பார்க்கவில்லை, அண்ணே! இதயம் எத்தனை துடிக்கிறது என்று பார்த்தேன். 88. நேற்று நடந்த நடை 13,400. தூங்கியது 4 மணி 10 நிமிடம்" என்றார்.

கைக்கடிகாரந்தான்! ஆனால் நேரத்தைக் காட்டுவது அதற்கு எடுபிடி வேலை. நாடியை எண்ணுவதும், நடையை எண்ணுவதும், உறங்கினால் உறக்கத்தை எண்ணுவதும், எண்ணியதையெல்லாம் செல்போனிலே உள்ள செயலியிடம் சொல்லுவதும்தான் அதன் தலையாய தொழில். தவணையிலே வாங்கினாராம்.

"கூலிக்காரனுக்கு எதற்கய்யா இந்தக் கோலம்?" என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. நாம் அந்தக் கூட்டத்திலே இல்லை. நாடி பார்ப்பது ஒரு காலத்திலே யாருடைய தனியுரிமை? வைத்தியர் வருவார், மணிக்கட்டிலே மூன்று விரலை வைப்பார், கண்ணை மூடுவார், உதட்டைப் பிதுக்குவார். என்ன கண்டீர் என்று கேட்டால், "உமக்கெதற்கு அது? மருந்தைச் சாப்பிடும்!" என்பார். உடல் நம்முடையது, அதன் கணக்கு மட்டும் அவருடையது! இன்றோ, மேல்கையிலே பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கிவிட்டு, ஏழாவது படிக்கும் பேரன் பாட்டிக்கு இரத்த அழுத்தம் படித்துச் சொல்லுகிறான். இது சிறிய மாறுதலா?

தேவையும் சிறியதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டிலே நீரிழிவுக்காரர் 10 கோடியே 10 இலட்சம் பேர் என்கிறது. அதன் வாசற்படியிலே நிற்போர் இன்னும் 13 கோடியே 60 இலட்சம் பேர். பிரஷரும் சுகரும் பல்வலி போலக் கூச்சலிட்டு வருவதில்லை. பூனை போல வருகின்றன. அளந்தால்தான் தெரியும். ஆகவே அளவுங்கள் தோழர்களே! ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, காலைத் தரையிலே ஊன்றி, கையை மேசைமீது நெஞ்சின் உயரத்திலே வைத்து, இரண்டு முறை அளவுங்கள். பீடி பிடித்த கையோடு, மாடிப்படி ஏறிய மூச்சோடு அளந்தால் அது உங்கள் பிரஷர் அல்ல, படிக்கட்டின் பிரஷர்! வீட்டிலே பல நாள் அளந்தும் 135/85க்குக் கீழே இறங்க மறுக்கிறதென்றால், எழுதி வைத்த தாளோடு டாக்டரிடம் போங்கள்.

மேல்கைப் பட்டையைத்தான் சொல்லுகிறோம். பட்டையே இல்லாமல் பிரஷர் காட்டுவதாகச் சொல்லும் கடிகாரங்களை ஐரோப்பிய இதய மருத்துவர் கழகம் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியிலே பரிந்துரைக்கவில்லை. ஊசி குத்தாமலே சுகர் சொல்லும் கடிகாரம், மோதிரம் என்று விற்கிறார்களே, அது இன்னும் மோசம். அப்படிப்பட்ட ஒன்றுக்கும் தாம் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியிலே எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்பவர் உயிரோடு சூதாடுகிறார்.

நம் தோழர் 13,400 அடி நடந்தாரே, கடிகாரம் அவருக்கு வாழ்த்துக் கூறிற்றாம்; நட்சத்திரம் கொடுத்ததாம்! 10,000 அடியைத் தாண்டிவிட்டார் அல்லவா? இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சிக்கூடத்திலிருந்தா? இல்லை. 1964இல் டோக்கியோவிலே ஒலிம்பிக் நடந்தது. மறு ஆண்டு ஒரு ஜப்பான் நிறுவனம் இடுப்பிலே செருகும் நடைமானி ஒன்றைக் கடைக்குக் கொண்டு வந்தது. 'மான்போகே' என்று பெயர் வைத்தது. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். சரக்குக்கு வைத்த பெயர் உலகுக்கே சட்டமாயிற்று! 2019இல் அமெரிக்காவிலே 16,741 மூதாட்டியரைக் கொண்டு ஆராய்ந்தார்கள். 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடையே சாவு குறைந்திருந்தது. 7,500க்கு மேலே கூடுதல் பலன் தென்படவில்லை.

இதைவிடப் பெரிய சேதி ஒன்று உண்டு. கோபன்ஹேகன் நகரப் பகுதியிலே 1,04,046 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்திலே உடலை அசைப்போருக்கு இதய நோயும் சாவும் குறைவு. வேலையிலே உடலை வருத்துவோருக்கோ அவை அதிகம்! பூங்காவிலே நடந்தாலும் அடி அடிதான், தலையிலே மூட்டையோடு நடந்தாலும் அடி அடிதான் கடிகாரத்துக்கு. மூட்டையை அது காணாது. நிற்க நேரமில்லை, குடிக்கத் தண்ணீரில்லை என்பதைக் காணாது. முதுகொடியும் நாளிலே முத்தமிட்டு நட்சத்திரம் கொடுக்கும்!

நிறத்தையும் அது சரியாகக் காண்பதில்லை என்பதை நம்மவர் அறிய வேண்டும். 2021 கோடையிலே விரலிலே மாட்டினோமே ஆக்சிமீட்டர், நினைவிருக்கிறதா? 94க்குக் கீழே போகிறதா என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தோமே! அருமையான கருவி. தகுவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர் 1974இல் கண்ட நெறி. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவும். இரத்தம் எதை எவ்வளவு விழுங்கிற்று என்று பார்த்துக் கணக்குச் சொல்லும். ஆனால் தோலின் கருமையும் ஒளியை விழுங்குமே! 2020 டிசம்பரிலே மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையிலே, தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் 88க்கும் கீழே இருந்தது எத்தனை பேருக்கு? வெள்ளையரிலே நூற்றுக்கு 3.6. கறுப்பரிலே நூற்றுக்கு 11.7. மூச்சுத் திணறுகிறது, கருவியோ, "நலமாக இருக்கிறாய், வீட்டிலேயே இரு" என்கிறது! கறுப்பு நோயாளிகளிடம் இந்தப் பிழை மிகுதி என்று 1990லேயே மருத்துவ ஏட்டிலே எழுதியிருந்தார்கள். முப்பது ஆண்டு, கேட்க ஆளில்லை. கறுத்த தோலுடைய நாம் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துவிடலாகாது. மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், எண் எதைச் சொன்னாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

கருவி தவறு செய்யலாம், திருத்தலாம். நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. கருவி சரியாகவே அளக்கிறது, அளந்ததை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் கொடுக்கிறது?

அமெரிக்காவிலே மேற்கு விர்ஜீனியா என்றொரு மாநிலம். மலையும் நிலக்கரியும் நிறைந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவரின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளி ஆசிரியர்கள். சம்பளத்திலே அந்த நாட்டின் ஐம்பது மாநிலங்களில் கடைக்கோடிக்கு அருகே நின்றவர்கள். அங்கே மருத்துவக் காப்பீடு இல்லாவிட்டால் ஒரு குடும்பம் ஒரே அறுவை சிகிச்சையிலே ஓட்டாண்டியாகிவிடும். அந்தக் காப்பீட்டை நடத்தும் அரசுக் கழகம் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை கொண்டு வந்தது. பெயர், 'உடல்நலத் திட்டம்'!

என்ன நலம்? 'கோ 365' என்ற செயலியைச் செல்போனிலே போட்டுக்கொள்ள வேண்டும். கையிலே அடி எண்ணும் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். நடை, எடை, உடற்பயிற்சி எல்லாம் அதற்குள்ளே போக வேண்டும். அது புள்ளி போடும். ஆண்டுக்கு 3,000 புள்ளி சேர்த்தால் பிழைத்தார். சேர்க்காவிட்டால் மாதந்தோறும் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். நோய் வந்தால் கைப்பணத்திலிருந்து முதலிலே செலுத்த வேண்டிய தொகையும் 500 டாலர் ஏறும். நலத்திற்கு வந்த திட்டமா, நடக்காதவனுக்கு அபராதமா?

வகுப்பறையிலே நாள் முழுதும் நின்று பாடம் நடத்துகிறவர் அவர். மாலையிலே இன்னொரு வேலைக்கும் ஓடுகிறவர் அவரிலே பலர். அவரைப் பார்த்து, "இன்று எவ்வளவு நடந்தாய்? காட்டு!" என்றால் கொதிக்காதா நெஞ்சம்? எடையைச் சொல்ல வேண்டுமாம், இடுப்பளவைச் சொல்ல வேண்டுமாம். எவருக்கு? எவரிடம் சம்பள உயர்வு கேட்டால் கஜானா காலி என்கிறாரோ, அவருடைய கழகத்துக்கு!

சம்பளக் குறைவு, காப்பீட்டுக் கட்டண உயர்வு என்று அடுக்கியிருந்த விறகின்மேல் விழுந்த தீக்குச்சி அந்தச் செயலி. எதிர்ப்பைக் கண்டு அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் தீ அணையவில்லை. 2018 பிப்ரவரி 22ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது அங்கே சட்ட விரோதம்! இருந்தும் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடின. ஏறத்தாழ 20,000 ஆசிரியர்கள் வெளியே வந்தார்கள். பேருந்து ஓட்டுவோரும் சமையல் செய்வோரும் கூடவே வந்தார்கள். பள்ளியிலே மதிய உணவை நம்பியிருக்கும் பிள்ளைகள் பட்டினி கிடக்கலாகாது என்று உணவுப் பொட்டலங்களை ஆசிரியர்களே கட்டிக் கொடுத்தார்கள். கழுத்திலே சிவப்புக் கைக்குட்டை! 1921இல் பிளேர் மலையிலே சங்க உரிமைக்காகத் துப்பாக்கிக்கு எதிரே நின்ற சுரங்கத் தொழிலாளரின் அடையாளம் அது. நடுவிலே தலைவர்கள் ஆளுநரோடு பேசி, "முடிந்தது, திரும்புங்கள்" என்றார்கள். "சட்டமாக எழுதிக் கையெழுத்துப் போடட்டும், பிறகு வருகிறோம்" என்றார்கள் தொண்டர்கள். மார்ச் 6ஆம் நாள் கையெழுத்தாயிற்று: எல்லா மாநில ஊழியருக்கும் நூற்றுக்கு ஐந்து சம்பள உயர்வு. 7ஆம் நாள் பள்ளிகளைத் திறந்தார்கள்.

எங்கோ நடந்த கதை என்று எண்ணாதீர்கள். 2020இல் சண்டிகரிலே தூய்மைப் பணியாளர் கைகளிலே இடம் காட்டும் கடிகாரத்தைக் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அது மேலிடத்துக்குச் சொல்லும். கால்விலங்கு என்று கூறி அவர்கள் போராடினார்கள். அந்தக் கடிகாரம் நாடியை எண்ணவில்லை, காலடியைத்தான் காவல் காத்தது. நாடி எண்ணும் கடிகாரத்தை நாமே காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் காக்காதா என்பீர்கள். 2023 ஆகஸ்டிலே நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு விதிகளிலே உடல்நலச் செய்தி, மருத்துவக் குறிப்பு இவற்றையெல்லாம் 'நுண்மையான தகவல்' என்று தனியே பிரித்து வேலி போட்டிருந்தார்கள். புதிய சட்டத்திலே அந்தத் தனி வேலி இல்லை. வீட்டு முகவரியும் ஒன்று, விந்தணு எண்ணிக்கையும் ஒன்று! 7ஆம் பிரிவைப் புரட்டுங்கள். நம் ஒப்புதலைக் கேளாமலே நம் தகவலைப் பயன்படுத்தத் தகும் காரியங்களின் பட்டியல் அது. அதிலே ஒன்று 'வேலை வாய்ப்பு தொடர்பான நோக்கங்கள்'. முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதும் அதிலே சேர்த்தி. நட்டம் என்றால் எது? நெஞ்சு படபடக்கும் தொழிலாளி ஒரு நட்டமா? இரவிலே 4 மணி நேரம் மட்டுமே தூங்கிய ஓட்டுநர் ஒரு நட்டமா? அவரை ஏன் 4 மணி நேரந்தான் தூங்கவிட்டாய் என்று கேட்பதற்கு அல்லவா அந்த எண் சான்றாக வேண்டும்!

ஆகவேதான் சங்கத் தோழர்களுக்குச் சொல்லுகிறோம். நிர்வாகம் இலவசக் கடிகாரம் நீட்டினால், "சவால் போட்டி, அதிகம் நடப்பவருக்குப் பரிசு" என்று அறிவித்தால், மகிழ்ச்சியோடு கைதட்டுமுன் நான்கு கேள்வி எழுதிக் கொடுங்கள்: கணக்கு எங்கே சேர்கிறது? யார் படிப்பார்? எத்தனை நாள் வைத்திருப்பார்? கட்ட மறுப்பவருக்கு என்ன நேரும்? பதிலை வாயாலே வாங்காதீர்கள், ஒப்பந்தத்திலே வாங்குங்கள்.

தேநீர்க்கடைத் தோழரிடமும் இதையெல்லாம் கூறினோம். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கிலே குடித்தார். "கழற்றிவிடட்டுமா, அண்ணே?" என்றார்.

"வேண்டாம். அப்பாவுக்குச் சர்க்கரை என்றீரே, உமக்கு அது தேவைதான். முதலிலே அந்தச் செயலியைத் திறந்து, எதற்கெல்லாம் சம்மதம் கொடுத்திருக்கிறீர் என்று காட்டும்."

திறந்தார். விரலாலே தள்ளினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார். பக்கம் முடியவில்லை.

"இதைப் படித்தீரா?"

"எப்படி அண்ணே படிப்பது? எல்லாம் இங்கிலீஷிலே இருந்தது. கீழே ஒரு பொத்தான் இருந்தது, அமுக்கிவிட்டேன்."

அடுத்த வேலை நேரத்துக்குச் சங்கு ஊதிற்று. நாமும் அவரும் பெஞ்சியிலே நெருங்கி உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து தமிழிலே சொல்லிப் பார்க்கத் தொடங்கினோம்.