ஃபைட்டர் மீன் சோர்ந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கடைகளில் ஃபைட்டர் என்று விற்கப்படும் பெட்டா மீன் தொட்டியின் அடியில் கிடந்தாலோ, துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டாலோ பலரும் மருந்தைத் தேடி ஓடுகிறார்கள். முதலில் சோதிக்க வேண்டியது தண்ணீரை. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் உண்டாகும் அம்மோனியா செவுள்களைப் புண்ணாக்கும். சின்னக் கிண்ணத்தில் அது வெகு விரைவில் நஞ்சாகிவிடும். தண்ணீர் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலும் இந்த வெப்பமண்டல மீன் மந்தமாகும், பசி குறையும். வெண்புள்ளி, துடுப்பழுகல் போன்ற நோய்களுக்கு மருந்து தேவைதான்; ஆனால் கெட்ட நீரை மாற்றாமல் ஊற்றும் மருந்து நிலைத்த பலன் தராது.

தாய்லாந்தின் வயல்களில், ஆழமற்ற நீரில் வாழும் மீனுக்குக் கண்ணாடிக் குவளை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வயல் நீர் ஆழமற்றது, ஆனால் பரந்தது. கழிவு அங்கே கரைந்து பரவிவிடும், செடிகளும் நுண்ணுயிர்களும் அதை உட்கொள்ளும். பெட்டாவுக்குச் செவுளுக்கு மேலே காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் லாபிரிந்த் என்ற உறுப்பு இருக்கிறது. அதனால் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு. ஆண் மீன் நுரைக்கூடு கட்டுவதும் அப்படியே. மேற்பரப்பிலேயே தொங்கி மூச்சிரைத்தால்தான் கவலை. அந்த உறுப்பு ஆக்சிஜன் குறையை ஈடுகட்டும், அம்மோனியாவை அல்ல. ஏறக்குறைய 20 லிட்டர் தொட்டி, மெல்லிய ஓட்டமுள்ள ஃபில்டர், வாரந்தோறும் குளோரின் நீக்கிய நீரால் கால்பங்கு மாற்றம், அளவான தீனி: இவ்வளவையும் முதலில் சரிசெய்யுங்கள்.