ஹனாபி: கணினி கூட்டாளியாகக் கற்ற சீட்டாட்டம்

ஹனாபி, ஆடுவோர் அனைவரும் ஒரே அணியாக நின்று ஆடும் சீட்டாட்டம். பிரான்சைச் சேர்ந்த அந்துவான் பௌசா உருவாக்கிய இந்த ஆட்டம் 2010இல் வெளிவந்தது. 2013இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருதைப் பெற்றது. ஹனாபி என்றால் ஜப்பானிய மொழியில் வாணவேடிக்கை.

சீட்டுக்கட்டில் ஐந்து நிறங்களில் 50 சீட்டுகள் உண்டு. ஒவ்வொரு நிறத்தையும் 1 முதல் 5 வரை வரிசையாக இறக்கிவிட்டால் முழு மதிப்பெண் 25. ஒவ்வொருவரும் சீட்டுகளின் முகத்தை எதிரே இருப்பவருக்குக் காட்டியே பிடிக்க வேண்டும். தன் கையில் இருப்பது தனக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். முறை வரும்போது ஒரு சீட்டை இறக்கலாம், கழிக்கலாம், அல்லது கூட்டாளியிடம் “இவை சிவப்பு”, “இவை 2” என நிறத்தையோ எண்ணையோ மட்டும் குறிப்பாகச் சொல்லலாம். கைவசம் எட்டுக் குறிப்புகளே உள்ளன. ஒரு சீட்டைக் கழித்தால் செலவான ஒன்று திரும்பக் கிடைக்கும். மூன்று முறை தவறாக இறக்கினால் ஆட்டம் முடிந்தது.

குறிப்புகள் குறைவு என்பதால், சொன்னதோடு சொல்லாததையும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு சீட்டைக் காட்டி “இது சிவப்பு” என்று கூட்டாளி இப்போது சொன்னால், “இதை இறக்கு” என்பதே பெரும்பாலும் அதன் உட்பொருள்.

இதனால்தான் டீப்மைண்ட், கூகுள் பிரெயின் ஆய்வாளர்கள் 2019இல் ஹனாபியைச் செயற்கை நுண்ணறிவுக்கான சவாலாக முன்வைத்தார்கள். நிரல் தன்னுடன் தானே பல இலட்சம் முறை ஆடிப் பழகுவது வழக்கமான பயிற்சி. இருவர் ஆட்டத்தில் இவ்வகை நிரல்கள் சராசரியாக 24க்கு மேல் எடுத்தன. ஆனால் தனித்தனியே பழகிய இரு நிரல்களைச் சேர்த்து ஆடவிட்டால் மதிப்பெண் சரிந்தது. “மஞ்சள்” என்றால் “முதல் சீட்டைக் கழி” என்பதுபோல ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சங்கேத மொழியை வளர்த்துக்கொண்டதே காரணம்.

2020இல் வந்த ‘பிறரோடு ஆடுதல்’ என்ற முறை இதற்குத் தீர்வு தேடியது. அதை விளக்க ஓர் எளிய எடுத்துக்காட்டு உண்டு. பத்து நெம்புகோல்களில் ஒன்பதுக்குப் பரிசு 1, ஒன்றுக்கு மட்டும் 0.9. இருவரும் பேசாமல் ஒரே நெம்புகோலை இழுத்தால்தான் பரிசு. ஒன்பதும் ஒன்றுபோல இருப்பதால், அவற்றுள் அறிமுகமில்லாதவர் எதை இழுப்பார் என்று சொல்ல முடியாது. தனித்து நிற்கும் 0.9தான் இருவரும் சந்திக்கக்கூடிய இடம்.

ஹனாபியில் நிறங்களும் அந்த ஒன்பதைப் போன்றவையே. பயிற்சியின்போது ஒரு கூட்டாளிக்கு மட்டும் நிறங்களை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ஒருவருக்குச் சிவப்பு மற்றவருக்கு நீலமானதும், குறிப்பிட்ட நிறத்துக்கென்று தனிப்பொருள் கட்ட வழியில்லாமல் போயிற்று. எவருக்கும் விளங்கும் பழக்கங்களே நிலைத்தன. இப்படிப் பயின்ற நிரல், முன்பின் அறியாத நிரல்களுடனும் மனிதருடனும் கூடுதல் மதிப்பெண் பெற்றது.