ஒயர் இல்லாத கீபோர்டு, மவுஸ்: வீட்டுக் கம்ப்யூட்டரில் கவனிக்க வேண்டியவை

ஒயர் இல்லாத கீபோர்டும் மவுஸும் இன்று பல வீடுகளுக்கு வந்துவிட்டன. மேசை சுத்தமாக இருக்கிறது, பிள்ளைகள் இழுத்து அறுக்க ஒயர் இல்லை, விலையும் குறைந்துவிட்டது. அதே கம்ப்யூட்டரில்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம். பாஸ்போர்ட் எண்ணைத் தட்டி ஹஜ் விண்ணப்பம் போடுகிறோம். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்துகிறோம். எனவே இவற்றில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

எப்படி வேலை செய்கிறது?

கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளையில் விரல் நுனி அளவுக்கு ஒரு ரிசீவரைச் செருகுகிறோம். நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் ரேடியோ அலையாக அதற்குப் போகிறது. பெரும்பாலும் இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வைஃபையும் புளூடூத்தும் இயங்கும் அதே அலைவரிசை. அலைக்கு உங்கள் வீடு, பக்கத்து வீடு என்ற வித்தியாசம் தெரியாது. மணவாள நகர் போல வீடுகள் நெருங்கி நிற்கும் இடங்களில் அது சுவரைத் தாண்டி மாடிக்கும் தெருவுக்கும் போய்ச் சேரும். போவதைத் தடுக்க முடியாது. போகும் செய்தி பூட்டப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

2002-ல் நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில் ஒருவர் தட்டிய எழுத்துகள், சுமார் 150 மீட்டர் தள்ளியிருந்த இன்னொருவரின் கம்ப்யூட்டர் திரையில் தோன்றின. அது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் வேண்டுமென்றே செய்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

இரண்டு வகை ஆபத்து

முதலாவது, ஒட்டுக்கேட்பது. அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவனம் 2016 ஜூலையில், 8 நிறுவனங்களின் விலை குறைந்த கீபோர்டுகள் எழுத்துகளைப் பூட்டாமல் அப்படியே அனுப்புவதைக் கண்டுபிடித்தது. 250 அடி தூரத்தில் இருப்பவர்கூட பாஸ்வேர்டையும் கார்டு எண்ணையும் படிக்க முடிந்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் கீஸ்னிஃபர்.

இரண்டாவது, நம் கம்ப்யூட்டரில் வேறொருவர் தட்டுவது. இங்கே வாசல் கீபோர்டு அல்ல, மவுஸ். ‘மவுஸில் என்ன ரகசியம் இருக்கிறது?’ என்று எண்ணி, பல நிறுவனங்கள் அதன் செய்திகளைப் பூட்டவில்லை. 2016 பிப்ரவரியில் இதே பாஸ்டில் நிறுவனம் மவுஸ்ஜாக் என்ற ஓட்டையை வெளியிட்டது. சுமார் 15 டாலர் விலையுள்ள கருவியைக் கொண்டு, 100 மீட்டர் தூரத்திலிருந்து மவுஸ் போல நடித்து, ரிசீவருக்குக் கீபோர்டு எழுத்துகளை அனுப்ப முடிந்தது. லாஜிடெக், மைக்ரோசாஃப்ட், டெல், எச்பி, லெனோவா போன்ற பெரிய பெயர்களின் சில மாடல்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. கம்ப்யூட்டர் திறந்திருந்தால், சில நொடிகளில் ஒரு வைரஸை இறக்கிவிட இது போதும்.

செல்போனுக்கும் இதில் பங்கு உண்டு. 2023 டிசம்பரில் வெளியான ஒரு புளூடூத் ஓட்டையால், அருகில் இருப்பவர் கீபோர்டு போல நடித்து, நம் அனுமதி இல்லாமலே போனுடன் இணைய முடிந்தது. ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரை திருத்தம் வந்தது. 10-ம் அதற்கு முந்தியவையும் திருத்தப்படவில்லை.

என்ன செய்யலாம்?

பயந்துபோகத் தேவையில்லை. இதைச் செய்பவர் நம் வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். போனில் பேசி ஓடிபி கேட்டு ஏமாற்றுபவருக்கு அந்தத் தேவைகூட இல்லை. ஆனாலும் தடுப்பது எளிது:

• பணம் அனுப்பும் கம்ப்யூட்டருக்கு ஒயர் கீபோர்டும் ஒயர் மவுஸும் வையுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும்.

• ஒயர் இல்லாததுதான் வேண்டுமென்றால், அட்டைப்பெட்டியில் ‘ஏஇஎஸ் 128 பிட்’ குறியாக்கம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்கைத் தவிருங்கள்.

• பழைய ரிசீவருக்கு நிறுவனம் திருத்தம் வெளியிட்டிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். லாஜிடெக் அப்படி வெளியிட்டது. பல மலிவு ரிசீவர்களைத் திருத்தவே முடியாது. அவற்றை மாற்றுவதே வழி.

• எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். பூட்டிய திரையில் வெளியாள் எழுத்து அனுப்பினாலும் உள்ளே நுழைய முடியாது.

• வேலை முடிந்ததும் ரிசீவரைக் கழற்றி வையுங்கள். மவுஸை அணைத்தால் மட்டும் போதாது. செருகியிருக்கும் ரிசீவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

• போனில் தேவையில்லாத நேரத்தில் புளூடூத்தை அணைத்து வையுங்கள்.

நீங்கள் தொடாமலே திரையில் எழுத்து ஓடினாலோ ஜன்னல்கள் திறந்தாலோ, உடனே ரிசீவரைப் பிடுங்கி, இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.