டிக்கியில் கிடக்கும் பதினைந்து கிலோ

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் எந்தப் பஞ்சர் கடையில் கேட்டாலும் ‘ஸ்டெப்னி’ என்றால் உடனே புரியும். ‘மாற்றுச் சக்கரம்’ என்றால் ஒரு கணம் யோசிப்பார்கள். நம் கரிசல்காட்டு வாயில் இத்தனை இயல்பாகப் புழங்கும் அந்தச் சொல் உண்மையில் ஒரு தெருவின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்றொரு ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் ஒரு பொருளைச் செய்து விற்றார்கள். ஆரக்கால் இல்லாத ஓர் இரும்பு வளையம். அதன்மேல் காற்றடித்த டயர். வண்டி பஞ்சரானால் இந்த வளையத்தைப் பழைய சக்கரத்தோடு சேர்த்து வைத்துக் கவ்விகளால் இறுக்கிவிட்டு ஓட்டிப் போகலாம்.

அதற்கு முன்னால் காருக்கு மாற்றுச் சக்கரம் என்ற பேச்சே இல்லை. அன்றைய சக்கரங்கள் சுலபமாகக் கழற்றும்படி செய்யப்படவில்லை. டயரை நெம்பி, டியூபை உருவி, சாலையோரத்திலேயே ஒட்டுப் போட்டு, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். பிறகு கழற்றி மாட்டும் சக்கரம் வந்தது; முழுச் சக்கரமே காரில் ஏறிக்கொண்டது. ஸ்டெப்னி கம்பெனியின் பெயரை பிரிட்டனில் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மால்டா தீவிலும் அது இன்னும் நாக்கில் இருக்கிறது.

நூற்றிருபது ஆண்டு கழித்து, வேகக் கார் பிரியர்கள் ஸ்டெப்னியை முதல் வேலையாகக் கழற்றி வீட்டில் வைக்கிறார்கள். என் அக்கா மகனும் அப்படிச் செய்தவன். சென்னையில் வேலை பார்க்கிறான். சின்ன காரை வைத்துக்கொண்டு, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பொதுமக்களை ஓட்ட விடும் நாட்களில் போய் ஓட்டுவான். “ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் சேர்த்துப் பதினஞ்சு கிலோ மாமா. எதுக்கு சும்மா சுமக்கணும்?” என்றான். நியாயமான கேள்வி. அதற்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

காரின் எடை ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து கிலோ என்பது அதில் ஒன்றரை விழுக்காடு. அதே எஞ்சின், அதே உந்துவிசை. எடை ஒன்றரை விழுக்காடு குறைந்தால் வேகம் பிடிக்கும் திறன் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 12 விநாடியில் தொடும் கார், இப்போது 0.2 விநாடிக்கும் குறைவான நேரம் முந்தித் தொடும். எரிபொருளுக்கும் ஒரு பொதுக்கணக்கு உண்டு: எடையில் 10 விழுக்காடு குறைத்தால் செலவில் 6 முதல் 8 விழுக்காடு மிச்சம். நமக்கு அது ஒரு விழுக்காடு. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி இன்னும் 200 மீட்டர் கூடுதலாக ஓடும்.

நம் சாலையில் இது ஒன்றுமே இல்லை. பந்தயத் தடத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஃபார்முலா ஒன் கார்களில் 10 கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி தாமதம் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. ஐம்பது சுற்றுக்கு அது பதினைந்து விநாடி. அங்கே வெற்றி தோல்வி அதைவிடச் சிறிய இடைவெளியில் முடிவாகிறது.

எடை எத்தனை என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். சிலம்பம் சுற்றியவர்களுக்கு இது கைக்குத் தெரியும். ஒரே எடையுள்ள இரண்டு கம்புகள். ஒன்றில் பூண் நடுவில், இன்னொன்றில் இரு நுனிகளிலும். நுனியில் பாரமிருக்கும் கம்பைச் சுழற்றத் தொடங்குவதும் கடினம், நிறுத்தித் திருப்புவதும் கடினம். வளைவில் திரும்பும் காரும் அப்படிச் சுழலும் ஒரு கம்புதான். ஸ்டெப்னி கிடப்பது டிக்கியின் அடியில், வண்டியின் நடுப்புள்ளியிலிருந்து ஏறக்குறைய 1.9 மீட்டர் தள்ளி. சுழற்சிக்கு எதிரான தடையைக் கணக்கிடும்போது தூரத்தை இருமுறை பெருக்க வேண்டும்: 15 × 1.9 × 1.9, அதாவது சுமார் 54. இவ்வளவு எடையுள்ள காருக்கு மொத்தத் தடை 1,500 அளவில் இருக்கும். எடையில் ஒன்றரை விழுக்காடாக இருந்த பொருள், திரும்பும் சோம்பலில் மூன்றரை விழுக்காடாகிவிடுகிறது. ஸ்டெப்னியைக் கழற்றிய பிறகு “வண்டி வளைவில் துள்ளுது” என்று ஓட்டுநர்கள் சொல்வது முழுக்க மனப்பிரமை இல்லை.

ஆனால் இதே இடம் இன்னொரு வேலையும் செய்கிறது. மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்கள். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே தூக்கும். பின் அச்சுக்கும் பின்னால் கிடக்கும் ஸ்டெப்னி காரில் செய்வதும் அதுவே. அதன் 15 கிலோ, பின்சக்கரங்களை 17 கிலோவுக்கு மேல் அழுத்தி, முன்சக்கரங்களை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தூக்குகிறது. நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் எஞ்சினும் முன்னால், இழுக்கும் சக்கரமும் முன்னால். எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஏற்கெனவே முன்பக்கம்தான். ஸ்டெப்னியைக் கழற்றினால் அந்தச் சாய்வு இன்னும் கொஞ்சம் முன்னால் போகும். பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் இன்னும் லேசாகும். மருமகனிடம் இதைச் சொன்னபோது அவன் அமைதியாகிவிட்டான். பின்னால் எஞ்சின் வைத்த கார்களின் கதை வேறு. போர்ஷே 911-இல் மாற்றுச் சக்கரத்தை முன்னாலேதான் வைத்தார்கள். பல ஆண்டுகள் அது காற்றில்லாமல் சுருங்கி மடங்கிய டயராக இருந்தது; தேவைப்பட்டால் உடன் வரும் சிறு கம்ப்ரசரால் ஊத வேண்டும். லோட்டஸ் நிறுவனத்தின் எலிஸ் கார் அதற்கும் மேலே போய், மாற்றுச் சக்கரமே இல்லாமல் விற்பனைக்கு வந்தது.

பந்தயத்திலும் ஒரு காலத்தில் இந்தச் சுமை இருந்தது. 1960களில் லே மான் 24 மணி நேரப் போட்டியில் ஓடிய ஃபோர்டு ஜிடி40 கூட மூக்குப் பகுதியில் ஒரு மாற்றுச் சக்கரத்தைச் சுமந்தது. அன்றைய விதி அப்படி. இன்று தடத்தில் ஓடும் எந்தக் காரிலும் அது கிடையாது. அதன் பொருள் அவர்களுக்கு மாற்றுச் சக்கரம் தேவையில்லை என்பதல்ல. வண்டியில் இருந்த சக்கரம் இறங்கித் தடத்தோரத்தில் நிற்கிறது. கூடவே இருபது பேர் நிற்கிறார்கள். 2023-இல் கத்தார் ஃபார்முலா ஒன் போட்டியில் மெக்லாரன் அணியினர் நான்கு சக்கரங்களையும் 1.80 விநாடியில் மாற்றினார்கள். சில கிலோமீட்டரில் வண்டி மீண்டும் அவர்களிடமே வந்துவிடும் என்பதால்தான் அது முடிகிறது.

ராலிப் பந்தயத்தில் அந்த உறுதி இல்லை. காட்டுச் சாலையில், கல்லிலும் மண்ணிலும் ஓட வேண்டும். நடுவழியில் டயர் கிழிந்தால் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் இறங்கித் தாங்களே மாற்ற வேண்டும். அதனால் உலக ராலிக் கார்கள் இன்றும் மாற்றுச் சக்கரத்தோடுதான் புறப்படுகின்றன. ஒன்றா, இரண்டா என்பதுதான் ஒவ்வொரு காலையும் நடக்கும் விவாதம். சக்கரம் ஒன்று இருபது கிலோ அளவில் வரும். ஒன்றை மட்டும் எடுத்துப் போய் ஜெயித்தவரும் உண்டு. இரண்டாவது டயரும் கிழிந்து காட்டில் நின்றவரும் உண்டு. உலகின் மிகத் தேர்ந்த ஓட்டுநர்கள் எடையையும் தரையையும் இப்படி ஒன்றாக நிறுத்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம் தரை எப்படி? அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, கமுதி என்று போகப் போகச் சாலையின் இருபுறமும் சீமைக் கருவைதான். மெக்சிகோ, கரீபியன் பக்கத்து மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. மழை பொய்த்த கண்மாயிலும் தரிசிலும் அது மட்டும் பச்சையாக நிற்கும். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அதை வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது சாலை நெடுக முள் சிந்தும். அதன் முள் ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும். ஆணிக்கும் இந்த முள்ளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆணி குத்தினால் தலை வெளியே தெரியும். முள் டயருக்குள் ஏறியதும் மேல்மட்டத்தோடு ஒடிந்துவிடும். நுனி உள்ளேயே தங்கும். டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் காற்றைப் பிடித்து வைக்கும் மெல்லிய ரப்பர் படலம் ஒன்று இருக்கிறது. முள் அதைத் துளைத்தாலும் தானே அடைப்பாகவும் நிற்பதால் காற்று உடனே போகாது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிய, நுனி கொஞ்சங்கொஞ்சமாக அசைந்து, இரண்டு மூன்று நாளில் காற்று இறங்கும். வழியில் முள்ளைக் கண்டால் அங்கேயே பிடுங்காதீர்கள். கடை வரைக்கும் அதுவே மூடி.

ஸ்டெப்னி இல்லாமல் விற்கும் கார்கள் இந்தியாவில் பெருகியதற்கு ஒரு விதி காரணம். 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது. ஓட்டுநரோடு ஒன்பது பேருக்கு மேற்படாத, 3.5 டன்னுக்கு உட்பட்ட கார்களில் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கவனிக்கும் கருவியும், பஞ்சர் சரிசெய்யும் சாதனமும் இருந்தால் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை. மின்சாரக் கார்களின் பேட்டரிக்கு இடம் தேவைப்படுவதும் இதோடு சேர்ந்துகொண்டது.

காற்றழுத்தக் கருவி இரண்டு வகை. ஒன்றில் சக்கரத்துக்குள் வால்வோடு சிறு உணரி இருந்து வானொலி அலையில் அளவைச் சொல்லும். இன்னொன்று கெட்டிக்காரத்தனமானது: காற்றிறங்கிய டயரின் ஆரம் சற்றுக் குறைவதால் அது மற்ற சக்கரங்களைவிட வேகமாகச் சுழலும், அந்த வித்தியாசத்தை பிரேக்கின் உணரிகளே கண்டுபிடித்துவிடும்.

பஞ்சர் சாதனம் என்பது ஒரு சிறு கம்ப்ரசரும், பால் போன்ற ஒரு திரவக் குப்பியும். அதில் ரப்பர் பாலும் உறைந்துபோகாமல் காக்கும் கலவையும் இருக்கும். டயருக்குள் செலுத்தினால், காற்று வெளியேறும் ஓட்டையில் ரப்பர் திரண்டு அடைக்கும். சாலையைத் தொடும் பகுதியில் ஆறு மில்லிமீட்டர் வரையிலான துளைக்கு இது போதும். சீமைக் கருவை முள் அந்த அளவுக்குள் அடங்கும் என்பதால் நம் ஊருக்கு இது நல்ல மருந்துதான். ஆனால் டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் எந்தக் குப்பியும் உதவாது. குப்பிக்குக் காலாவதித் தேதியும் உண்டு. வாங்கிய நாளிலிருந்து டிக்கியில் மறந்து கிடக்கும் குப்பியை எத்தனை பேர் எடுத்துப் பார்க்கிறோம்?

மருமகன் கார் நின்றது பக்கச் சுவர் கிழிந்துதான். மாசி மாதம் குலதெய்வக் கோயிலுக்கு வந்தவன், நரிக்குடிப் பக்கம் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கும்போது தார் உடைந்த ஓரத்தில் டயர் உரசி விரலளவு கிழிந்துவிட்டது. ஸ்டெப்னி சென்னை வீட்டு மொட்டை மாடியில். போனில் என்னைக் கூப்பிட்டான். என் காரும் அதே மாதிரி என்பதால், சக்கரத்தைத் தாங்கும் நட்டு அளவும் ஒன்றாகவே இருந்தது. என் டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டு, திருச்சுழியில் வேப்பமரத்தடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி கிழிந்த டயரைத் தடவிப் பார்த்தார். “இதுக்கு ஒட்டுப் போடக் கூடாது தம்பி. பக்கம் வளையுற இடம், பிடிக்காது. வேற டயர்தான்” என்றார். உள்ளே ஊற்றியிருந்த பால் வடிந்து ரிம்மெல்லாம் ஒட்டியிருந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டே, “ஸ்டெப்னி எங்க?” என்று கேட்டார். மருமகன் என்னைக் காட்டினான்.

ஜாக்கி ஏற்றி, நான்கு நட்டையும் கழற்றி, என் ஸ்டெப்னியை மாட்டுவதற்கு முன் அண்ணாச்சி அதில் மீட்டரை வைத்தார். 32 இருக்க வேண்டிய இடத்தில் 14 காட்டியது. மூன்று வருடமாக அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நல்லவேளை, அவர் கம்ப்ரசரையும் கையோடு கொண்டு வந்திருந்தார்.