லண்டனில் வாடகை வீடு... பழைய பாக்கி குறுக்கே நின்றால் என்ன செய்வது?

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், கேள்விகள் நேருக்கு நேர் வரும். ‘எத்தனை பேர்? எங்கே வேலை? சைவமா, அசைவமா?’ பதில் பிடித்திருந்தால் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார் வீட்டுக்காரர்.

லண்டனில் அப்படியில்லை. வீட்டைச் சுற்றிக்காட்டும் ஏஜென்ட் சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைப்பார். கேள்விகளெல்லாம் அதன்பிறகு போனுக்கு வரும் ஒரு லிங்க்கில் இருக்கும். அதை நிரப்பி அனுப்பினால், சில நாள்களில் பாஸா, ஃபெயிலா என்று மெயில் வந்துவிடும். ‘டெனன்ட் ரெஃபரன்ஸிங்’ என்று இதற்குப் பெயர்.

ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. மகளுக்கு செப்டம்பரில் ஹாரோவில் பள்ளி. வீடு பிடித்துவிட்டது. ஒரு வார வாடகையைக் கட்டி வீட்டைப் பிடித்தும் வைத்தாயிற்று. மூன்றாம் நாள், ‘ஃபெயில்’ என்று மெயில் வருகிறது. காரணம், நான்கு வருடங்களுக்கு முன்பு கட்டாமல் விட்ட ஒரு போன் பில். வீடு மாறிவிட்டதால் நோட்டீஸ்களெல்லாம் பழைய முகவரிக்கே போயிருக்கின்றன. கடைசியில் கோர்ட் தீர்ப்பும் அங்கேதான் போயிருக்கிறது. இவர்களுக்கு எதுவுமே தெரியாது.

இப்படி ஓர் அதிர்ச்சி வராமல் இருக்க, முதலில் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ன பார்க்கிறார்கள்?

முதலில் சம்பளம். பெரும்பாலான நிறுவனங்கள் மாத வாடகையைப்போல 30 மடங்கு ஆண்டு வருமானம் இருக்கிறதா என்று பார்க்கின்றன. வாடகை 1,800 பவுண்டு என்றால், தம்பதியின் மொத்த ஆண்டு வருமானம் 54,000 பவுண்டு இருக்க வேண்டும். அடுத்து, வேலை செய்யும் இடத்திலும் பழைய வீட்டுக்காரரிடமும் விசாரிப்பார்கள். பாஸ்போர்ட் அல்லது விசாவுக்கான ‘ஷேர் கோட்’ மூலம், வாடகைக்குக் குடியிருக்கும் உரிமையைச் சரிபார்ப்பார்கள். கடைசியாக கிரெடிட் ரிப்போர்ட். இதில் அவர்கள் முக்கியமாகத் தேடுவது சி.சி.ஜே. எனப்படும் கடன் பாக்கிக்கான கோர்ட் தீர்ப்பையும், திவால் விவரத்தையும்தான்.

இந்தியாவில் இருக்கும் சிபில் ஸ்கோர் நல்லதோ கெட்டதோ, பொதுவாக இங்கே கூட வராது. அதனால் புதிதாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ‘மோசமான கிரெடிட்’ இருக்காது. ‘கிரெடிட்டே இல்லை’ என்பதுதான் பிரச்னை.

வீடு தேடும் முன்பே ரிப்போர்ட் பாருங்கள்

எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களும் உங்கள் ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். மூன்றையும் வாங்கிப் பாருங்கள். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கலாம். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

சி.சி.ஜே. ஆறு வருடங்கள் பதிவில் இருக்கும். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் பதிவிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு கட்டினால் நீங்காது. ஆனால் ‘கட்டியாயிற்று’ என்று குறிப்பு சேரும். கட்டாத பாக்கியைவிட கட்டிய பாக்கி எவ்வளவோ மேல். பழைய முகவரிக்கு நோட்டீஸ் போனதால் தெரியாமலே வந்த தீர்ப்பு என்றால், அதை ரத்து செய்யக் கோரி கோர்ட்டில் விண்ணப்பிக்கலாம். விஷயம் தெரிந்ததும் தாமதிக்காமல் செய்வது முக்கியம்.

வேலை போனது, உடல்நலம் கெட்டது போன்ற காரணங்களால் தவணை தவறியிருந்தால், அதை 200 வார்த்தைக்குள் எழுதி ரிப்போர்ட்டிலேயே சேர்க்கச் சொல்லலாம்.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டினர் என்பதால், அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. அந்தப் பட்டியலை வைத்துத்தான் உங்கள் பெயரையும் முகவரியையும் உறுதி செய்கிறார்கள். பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது.

மறைத்தால் பணமும் போகும்

வீட்டைப் பிடித்துவைக்க வாங்கும் பணம், இங்கிலாந்தில் ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. 2019 ஜூன் 1 முதல், ரெஃபரன்ஸ் சோதனைக்குக் கட்டணம் வாங்கவும் தடை. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே உள்ள வீடுகளுக்கு டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது. 1,800 பவுண்டு வாடகைக்கு அது சுமார் 2,077 பவுண்டு.

கிரெடிட் மோசம் என்பதற்காக மட்டும் அந்த ஒரு வாரப் பணத்தை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால், நீங்கள் தவறான தகவல் கொடுத்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். ‘சி.சி.ஜே. உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் செய்துவிட்டு மாட்டிக்கொண்டால், வீடும் போகும், பணமும் போகும். அதனால், பணம் கட்டும் முன்பே ஏஜென்ட்டிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ‘இப்படி ஒரு பாக்கி இருந்தது, இந்தத் தேதியில் கட்டிவிட்டோம், இதோ ரசீது’ என்று மெயிலில் எழுதுவதே நல்லது. தவறாமல் வாடகை கட்டியதைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும், பழைய வீட்டுக்காரரின் கடிதத்தையும் இணைத்து அனுப்புங்கள். போலி பே ஸ்லிப் பக்கம் போகவே வேண்டாம். அது மோசடிக் குற்றம். விசாவுக்கே ஆபத்தாக முடியலாம்.

மூடிய கதவும் திறந்த கதவும்

கிரெடிட் சரியில்லாதவர்கள் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டி வீடு பிடிப்பது லண்டனில் பழைய வழக்கம். 2025-ல் வந்த புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் இங்கிலாந்தில் அந்தக் கதவை மூடிவிட்டது. 2026 மே 1 முதல் போடும் ஒப்பந்தங்களில், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டியே கேட்க முடியாது.

மீதமிருப்பது ‘கியாரன்ட்டர்’. பிரிட்டனில் வசிக்கும், நல்ல வருமானமுள்ள ஒருவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போடுவது. அவருக்கு வாடகையைப்போல 36 மடங்கு ஆண்டு வருமானம் கேட்பது வழக்கம். 1,800 பவுண்டு வாடகைக்கு அது 64,800 பவுண்டு.

கேட்பது சுலபம். ‘மச்சான், ஒரு கையெழுத்துதானே?’ என்போம். ஆனால் வாடகை நின்றால் மச்சான்தான் கட்ட வேண்டும். சுவர் சேதமானாலும் அவரிடம்தான் வருவார்கள். அதனால் எவ்வளவு தொகைக்கு, எவ்வளவு காலத்துக்குப் பொறுப்பு என்பதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வீடு கிடைத்து உறவு போய்விடக் கூடாது. அப்படி யாரும் இல்லாதவர்களுக்கு, கட்டணம் வாங்கிக்கொண்டு கியாரன்ட்டராக நிற்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தக் கட்டணத்தையும் வீட்டுச் செலவில் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கி தலைக்கு மேல் போயிருந்தால், சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் ஆகிய அமைப்புகள் இலவசமாகக் கடன் ஆலோசனை தருகின்றன. கூச்சப்படத் தேவையில்லை.

அந்த ஈஸ்ட் ஹாம் குடும்பத்துக்கும் வழி இருக்கிறது. போன் பில்லைக் கட்டி ரசீது வாங்கலாம். நோட்டீஸே வரவில்லை என்று கோர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டையும் ஏஜென்ட்டிடம் காட்டி, மறுபடி பரிசீலிக்கச் சொல்லலாம். ஆனால் அதற்குள் அந்த வீட்டை வேறு யாராவது எடுத்துவிடக்கூடும். ரிப்போர்ட்டை மூன்று மாதம் முன்பே பார்த்திருந்தால், மகள் செப்டம்பரில் ஹாரோ பள்ளிக்கு நடந்தே போயிருப்பாள்.